786 போட்ட புறா

ஜனவரி 5, ஞாயிறு

ரெக்சின் கம்பெனிக்காரர் கொடுத்த டைரி. போன வருடத்து டைரி தையல் மிஷினின் கால் ஆடாமல் இருக்க அடியில் போய்விட்டது. இதையாவது எழுத வேண்டும் என்று பி.பி. பார்க்கும் டாக்டர் சொல்லியிருக்கிறார். தினமும் நன்றி சொல்லத்தக்கது ஒன்றாவது எழுத வேண்டுமாம். மாத்திரை பாதி, இது பாதி. நான் ஒன்பதாவது வரை படித்தவன். ஒன்பதாவதை இரண்டு தரம் படித்ததால் பத்தாவது என்று வைத்துக்கொண்டிருக்கிறேன்.

என் பெயர் மதார். புளியந்தோப்பில் பைக் சீட்டுக்கு உறை தைக்கும் கடை. இந்தப் பக்கத்தில் பாதிப் பேர் உட்காருவது என் புண்ணியத்தில்தான். மூத்தவன் சிராஜ் என்னோடு கடையில் தைக்கிறான். சின்னவன் தமீம் போலீஸ் வேலைக்கு எழுத்துப் பரீட்சையும் ஓட்டமும் தாண்டிவிட்டான். மெடிக்கல் பாக்கி. அப்புறம் ஆள் எப்படி, குடும்பம் எப்படி என்று வீட்டுக்கு வந்து விசாரிப்பார்கள். எங்கள் குடும்பத்தில் ஸ்டேஷனுக்குள் சம்பளம் வாங்கப் போகிற முதல் ஆள்.

மாடியில் தமீமின் புறாக்கள். பந்தயப் புறா. கிளப்காரர்கள் லாரியில் ஏற்றிப்போய் ஆந்திராவில் எங்கேயோ திறந்துவிடுவார்கள். எது முதலில் தன் வீட்டு மாடிக்கு வந்து சேர்கிறதோ அது ஜெயித்தது. சிராஜுக்குப் புறா ஆகாது. ஓர் இறகு பறந்து வந்தால் போதும், வரிசையாகத் தும்முவான். ஒவ்வொரு தும்மலுக்கும் எங்கள் வழக்கப்படி "அல்ஹம்துலில்லாஹ்" என்று இறைவனுக்கு நன்றி சொல்வான். கேட்கிறவர்கள் "யர்ஹமுகல்லாஹ்", இறைவன் உனக்கு இரங்கட்டும் என்று பதில் சொல்ல வேண்டும். அவன் தும்முகிற வேகத்துக்கு எங்களால் இரங்கி முடியவில்லை.

நன்றி சொல்ல இவன் ஒருவனே வீட்டுக்குப் போதும். டைரி எதற்கு என்று தெரியவில்லை.

ஜனவரி 9, வியாழன்

கறி வேகவில்லை. நன்றி: பல் இருக்கிறது.

ஜனவரி 17, வெள்ளி

ஸ்டாம்ப் பேட் திறந்து கிடந்து மேஜையெல்லாம் ஊதா மை. தைத்து முடித்த ஒவ்வொரு சீட்டுக்கும் அடிப்பக்கத்தில் கடையின் ரப்பர் ஸ்டாம்ப் வைப்பது என் வழக்கம். மேலே 786, கீழே மதார் சீட் கவர்ஸ், அதற்குக் கீழே என் போன் நம்பர். 786 எங்கள் ஆட்கள் எதை எழுதினாலும் தலையில் போடுவது. மற்றவர்கள் பிள்ளையார் சுழி போடுகிற மாதிரி.

சிராஜைக் கூப்பிட்டுத் திட்டினேன். "சரிங்கத்தா, இனிமே மூடி வெக்கிறேன்" என்றான். சாயங்காலம் பார்த்தால் தமீமின் விரலெல்லாம் ஊதா. வழி தவறுகிற புறாவை எடுத்தவர்கள் கூப்பிட்டுச் சொல்வதற்காக இறக்கைக்கு அடியில் விலாசம் எழுதுவார்களாம். பேனா மை அழிகிறது என்று என் ஸ்டாம்பையே குத்தியிருக்கிறான்.

"புறா மேல யாராச்சும் ஒக்காரப் போறாங்களாடா?" என்று கேட்டேன்.

"ரசீது மாதிரி இருக்கட்டும்த்தா" என்று சிரித்தான்.

சிராஜிடம், "நீ செய்யலன்னு சொல்ல வேண்டியதுதானே?" என்றேன்.

"யாராச்சும் ஒருத்தர் திட்டு வாங்கினா முடிஞ்சிடும்லத்தா."

இவன் சின்ன வயதிலிருந்தே இப்படித்தான். எனக்கும் யாரைத் திட்டினாலும் ஒன்றுதான் என்பதால் வண்டி ஓடிக்கொண்டிருக்கிறது.

ஜனவரி 19, ஞாயிறு

கலெக்டர் வரவில்லை. கலெக்டர் என்பது தமீமின் சாம்பல் நிறப் பெட்டை. நடக்கிற தோரணைக்காக அந்தப் பெயர். காலையில் ஓங்கோலில் திறந்துவிட்டார்களாம். மற்ற புறாக்கள் பகலிலேயே வந்துவிட்டன. தமீம் சோள டப்பாவைக் குலுக்கிக்கொண்டு இருட்டுகிறவரை மாடியில் நின்றான். அவனுக்குச் சோறு இறங்கவில்லை. எனக்கு இறங்கியது. அவன் பங்கும் இறங்கியது. அதற்கு நன்றி.

ஜனவரி 21, செவ்வாய்

இன்று எழுத வேண்டாம் என்று பார்த்தேன். டாக்டர் கேட்பார்.

தமீம் மெடிக்கலுக்குப் போயிருந்தான். நானும் சிராஜும் கடையில். ஜீப் வந்து நின்றது. இன்ஸ்பெக்டரும் கூட நாலைந்து பேரும் இறங்கினார்கள். கடலோரத்தில் முள்வேலி போட்டு ராணுவக் காவல் வைத்திருக்கிற ஓர் இடத்தில் ஒரு புறா இறங்கியிருக்கிறது. குடியரசு தினத்துக்காகக் கெடுபிடியாக இருக்கிற நேரம். காலில் நம்பர் போட்ட வளையம். இறக்கைக்கு அடியில் 786, என் கடை, என் போன் நம்பர்.

"புறா யாருது?" என்றார் இன்ஸ்பெக்டர்.

சிராஜ் கத்தரிக்கோலைக் கீழே வைத்தான். "என்னுது சார்."

என் வாயில் ஊசி இருந்தது. மூலை தைக்கும்போது ஊசியைப் பல்லில் கவ்விக்கொள்வது என் பழக்கம். ஆகவே ஒன்றும் பேச முடியவில்லை.

"எந்த அமைப்பு? வளையத்துல இருக்கறது இன்னா சீக்ரெட் கோடு? இந்த 786 யாருக்குச் சிக்னல்?" கேட்டுக்கொண்டே அவனை ஜீப்பில் ஏற்றினார்கள். தெருவே பார்த்தது. பக்கத்து ஒர்க்‌ஷாப் எத்திராஜ் எனக்கு வேலை அனுப்புகிறவன், தினமும் என்னோடு டீ குடிக்கிறவன். ஏற்கெனவே சுத்தமாக இருந்த ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே இருந்தான்.

சாயங்காலம் சிராஜை அனுப்பிவிட்டார்கள். தினமும் காலையில் வந்து உட்கார வேண்டும் என்று உத்தரவு. தமீம் மெடிக்கல் பாஸாகி வந்து விஷயத்தைக் கேட்டுச் சுவரோடு நின்றான்.

"அண்ணே, நான் போய் என்னுதுன்னு சொல்லிடறேன்."

"சொல்லிட்டு? அடுத்த வாரம் உன்னப் பத்தி விசாரிக்க வருவாங்க. தீவிரவாத விசாரணைல பேர் இருக்கறவனுக்கு லத்தி குடுப்பாங்களா? நான் சீட்டு தைக்கிறவன். என்னை யாரு வெரிஃபிகேஷன் பண்ணப் போறா? வேலைல சேர்ற வரைக்கும் வாயத் தொறக்க மாட்டேன்னு சொல்லு."

"அண்ணே..."

"சாப்பிடு."

நான் ஊறுகாய் எடுக்கப் போய்விட்டேன். என் மனைவி ஹபீபா அடுப்படிக்கு வந்து, "ஊசிய எடுத்துட்டுப் பேசியிருக்கலாமில்ல?" என்றாள்.

"பதட்டத்துல முழுங்கிட்டா?"

அவள் ஊறுகாய் ஜாடியை எடுத்து என் கையில் கொடுத்தாள். அவளுக்கும் இரண்டு பிள்ளைகள்.

நன்றி: சிராஜ் வீட்டில் தூங்குகிறான்.

ஜனவரி 22, புதன்

டிவியில் 'உளவுப் புறா' என்று ஓடுகிறது. 786 என்பது ரகசிய எண்ணாம். ஒருவர் வரைபடம் வைத்து விளக்கினார். எனக்கே பயமாக இருந்தது.

உறையைப் பிரித்துப் போட்டிருந்த சீட்டுக்குச் சொந்தக்காரர் வந்தார். "தைக்க வேணாம் பாய், அப்படியே குடுத்துடுங்க" என்றார். வெறும் ஸ்பாஞ்சின் மேலேயே உட்கார்ந்து ஓட்டிப்போனார். நேற்று ராத்திரி பெய்த தூறலில் அது நன்றாக ஊறியிருந்தது. சொல்ல வாயெடுப்பதற்குள் போய்விட்டார்.

நன்றி: இன்று சிரிக்க ஒன்று கிடைத்தது.

ஜனவரி 23, வியாழன்

ஸ்டேஷனுக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். வாசலில் ஒரு பிரவுன் கலர் ஸ்கூட்டர். சீட்டைப் பார்த்ததும் என் தையல் என்று தெரிந்தது. சொந்தக்காரர் ஒரு பெண் ஏட்டு. எல்லோரும் ஏட்டம்மா என்கிறார்கள்.

சிராஜ் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். கலெக்டரை அட்டைப் பெட்டியில் போட்டு அதே பெஞ்சுக்கு அடியில் வைத்திருந்தார்கள். சாட்சிப் பொருளாம். என் பிள்ளை தும்முகிறான், நன்றி சொல்கிறான், தும்முகிறான், நன்றி சொல்கிறான். ஓர் இளவட்டப் போலீஸ்காரர் எழுந்து வந்து, "அடிக்கடி இன்னாடா சொல்ற? யாருக்கு?" என்று அதட்டினார்.

நான் விளக்கினேன். ஏட்டம்மா கேட்டுக்கொண்டிருந்தார். "எங்க வீட்ல கொழந்தைங்க தும்மினா நூறுன்னு சொல்லுவோம். நூறு வயசு இருக்கணும்னு" என்றார். பிறகு பெட்டியைப் பார்த்தார், சிராஜைப் பார்த்தார். "ஏன் பாய், புறா வளக்கறவனுக்குப் புறா ஆகாதா?"

"தூசிம்மா. ஸ்டேஷன்ல தூசி."

"தெனம் பெருக்கறமே" என்றார்.

நான் கிளம்பும்போது சிராஜ் என் காதருகில், "தமீம இந்தப் பக்கம் விட்டுடாதீங்கத்தா" என்றான்.

ஜனவரி 24, வெள்ளி

ஜும்மா தொழுகை முடிந்து எல்லோரும் என்னிடம் அன்பாகத்தான் பேசினார்கள். நடந்துகொண்டே பேசினார்கள்.

ஹபீபாவின் அண்ணன் கவுஸ் வந்தார். தமீமைப் பக்கத்தில் உட்காரவைத்து, "ரேஷன் கார்டுல அண்ணன் பேர எடுத்துடு. அவனுக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை இல்ல, தனியா இருக்கான்னு ஒரு பேப்பர் எழுதி வெச்சுக்கோ. விசாரிக்க வரும்போது காட்டு. ஒருத்தன் போயிட்டான், இன்னொருத்தனாவது நிக்கட்டும்" என்றார்.

தமீம் எழுந்து மாடிக்குப் போய்விட்டான்.

"நீங்க இன்னா சொல்றீங்க மச்சான்?" என்று என்னைக் கேட்டார். டீ ஆறுகிறது என்று சொன்னேன்.

சிராஜை இன்று ராத்திரி அனுப்பவில்லை. புறாவைப் பற்றி இன்ஸ்பெக்டர் கேட்ட எதற்கும் அவனுக்குப் பதில் தெரியவில்லையாம்.

"புறா பேர் இன்னா?"

"புறா சார்."

"இன்னா தீனி?"

"பொதுவா எல்லாம் சாப்பிடும் சார். அரிசி, பருப்பு, சாம்பார்."

ஏட்டம்மாதான் போனில் சொன்னார். கேட்டு என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. அப்புறம் சிரிப்பை நிறுத்தவும் முடியவில்லை. ஹபீபா தண்ணீர் கொடுத்தாள்.

ஜனவரி 25, சனி

மாடியைக் கழுவினேன். சும்மாதான். இறகு, எச்சம், எல்லாம். அந்தச் சோள டப்பாவைக் கடைக்குக் கொண்டுவந்து ரெக்சின் ரோலுக்குப் பின்னால் வைத்தேன். வீட்டில் இடமில்லை.

ஸ்டேஷனில் ஏட்டம்மா என்னை வாசலுக்கு வெளியே கூட்டிப்போய் மெதுவாகச் சொன்னார். "பாய், உங்க புள்ள பொய் சொல்றான். அது இங்க எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு. அவன் யாரையோ மறைக்கிறான்னு எழுதிட்டாங்க. மறைக்கிறான்னா பெரிய விஷயம்னு அர்த்தம். திங்கக்கெழம பெரிய எடத்துலேந்து வந்து அழைச்சிட்டுப் போவாங்க. அங்க போயிட்டா என்னால சாப்பாடுகூட குடுக்க முடியாது. வீட்ல வேற யாரு இருக்காங்க?"

"நான், என் பொண்டாட்டி, எங்க ரெண்டு பேர் பி.பி."

அவர் சிரிக்கவில்லை.

வீட்டில் யாரும் தும்மவில்லை. ஒரு வீடு இவ்வளவு அமைதியாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

ஜனவரி 26, ஞாயிறு

குடியரசு தினம். வழக்கம்போல் கடையில் கொடி கட்டினேன். கட்டிய பிறகுதான் பார்த்தேன், போன வருடத்தைவிட மிகப் பெரிய கொடியாக வாங்கி வந்திருக்கிறேன். கடையின் பெயர் மறைந்துவிட்டது.

தமீமிடம் ஏட்டம்மா சொன்னதைச் சொல்லவில்லை. ஹபீபா சொல்லிவிட்டாள்.

ஜனவரி 27, திங்கள்

காலையில் கடை ஷட்டரைத் தூக்கியபோது தமீம் பின்னால் நின்றான். ஓட்டத்துக்குப் போட்டுக்கொண்ட அதே வெள்ளை டி-ஷர்ட்.

"அத்தா, டப்பா எங்க?"

"எந்த டப்பா?"

"சோள டப்பாத்தா."

"எதுக்கு?"

"அண்ணன் வாய மூடுன்னு சொன்னான், மூடினேன். அவனுக்குப் பொய் சொல்லவே தெரியலத்தா. சாம்பார்னு சொல்லிகினு ஒக்காந்திருக்கான். நான் அங்க போலீசா போயி, உண்மைய சொல்லுடான்னு எவனையாச்சும் எப்படிக் கேப்பேன்?"

ரெக்சின் ரோலைத் தள்ளினேன். டப்பாவை எடுத்து அவன் கையில் கொடுத்தேன். இந்த மாதம் முழுக்க நான் செய்த வேலைகளில் அதுதான் கனமானது. டப்பாவில் கால்வாசிகூடச் சோளம் இல்லை.

நடந்தே போனோம். ஒர்க்‌ஷாப்பைத் தாண்டும்போது எத்திராஜ், "எங்க மதாரு?" என்றான். ஒரு வாரம் கழித்து முதல் பேச்சு. சொன்னேன். அவன் பைக்கைக் கிளப்பிக்கொண்டு வேறு பக்கம் போனான். போகட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஸ்டேஷனில் சிராஜ் அதே பெஞ்சில். தம்பியைப் பார்த்ததும் எழுந்தான். "எதுக்குடா வந்த? போடா வீட்டுக்கு."

தமீம் இன்ஸ்பெக்டருக்கு முன்னால் போய் நின்றான். "சார், அது என் புறா. பேரு கலெக்டர்."

"இல்ல சார், என்னுது."

"அவனுக்கு ஒண்ணும் தெரியாது சார். என்னுது."

"டேய், என்னுதுடா."

இன்ஸ்பெக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "இத்தினி வருஷ சர்வீஸ்ல தீவிரவாதி ஒருத்தன் மேல ஒருத்தன் தள்ளிவிட்டுத்தான் பாத்திருக்கேன். இப்படிச் சண்டை போட்டுப் பாக்கல."

தமீம் டப்பாவைக் குலுக்கினான். ஏட்டம்மா யாரையும் கேட்காமல் பெட்டியின் மூடியைத் தூக்கினார். கலெக்டர் வெளியே வந்தாள். மேஜைமேல் இருந்த தொப்பியை மிதித்துக்கொண்டு நடந்து, பறந்து, தமீமின் தோளில் உட்கார்ந்து, அவன் காதை ஒரு கொத்து கொத்தினாள். தீனி லேட்டானால் அப்படித்தான் கொத்துவாள். சிராஜ் தும்மினான்.

அந்த நேரத்தில் எத்திராஜ் உள்ளே வந்தான். பின்னால் பெஞ்சமின். புறா கிளப் செக்ரட்டரி. இத்தனை நாளும் போனை அணைத்து வைத்திருந்தவர். எத்திராஜ் அவர் வீட்டுக்கே போய் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறான். பெஞ்சமின், காலில் இருக்கிற வளையம் கிளப் போட்டதுதான், அன்றைக்குப் பறந்த எல்லாப் புறாவுக்கும் அப்படி நம்பர் உண்டு, வடக்கத்திக் காற்றில் இது கடல் பக்கம் ஒதுங்கியிருக்கும் என்றார்.

"அது சரி. இந்த 786? அத வெச்சுத்தானே மேல வரைக்கும் போயிருக்கு" என்றார் இன்ஸ்பெக்டர்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் வாயில் ஊசி இல்லை. "சார், அது கடை ஸ்டாம்ப் சார். நான் தெச்ச எல்லா சீட்டுக்கும் அடியில வெப்பேன். ஏட்டம்மா ஸ்கூட்டரும் நான் தெச்சதுதான்."

ஏட்டம்மா வெளியே போனார். ஸ்கூட்டர் சீட்டைத் தூக்கி, உள்ளே இருந்த சாப்பாட்டுக் கூடையை நகர்த்தி, குனிந்து பார்த்தார். அங்கிருந்தே குரல் கொடுத்தார். "சார், 786 இருக்கு. ரெண்டு வருஷமா நான் இதும் மேலதான் ஒக்காந்துகினு டூட்டிக்கு வரேன். என்னையும் சேத்து எழுதிக்கங்க."

சிரித்தது முதலில் அந்த இளவட்டப் போலீஸ்காரர்தான்.

எழுதி வாங்கிக்கொண்டு மத்தியானத்துக்கு மேல் சிராஜை அனுப்பினார்கள். மேலிடத்துக்குப் பேசுவதாக இன்ஸ்பெக்டர் சொன்னார். தமீமின் பெயரையும் எழுதிக்கொண்டார்கள். அது எழுதப்படும்போது நான் பார்த்துக்கொண்டிருந்தேன். நல்ல கையெழுத்து.

வெளியே வந்து எத்திராஜ், "ரெண்டு நாளா டீ குடிக்கலடா" என்றான். அவன் குடிக்காதது ஒரு வாரம். திருத்தவில்லை.

நன்றி என்று எழுத ஆரம்பித்தால் பக்கம் போதாது.

ஜனவரி 28, செவ்வாய்

ஸ்பாஞ்சில் உட்கார்ந்து போனவர் திரும்ப வந்தார். தைத்துக் கொடுத்தேன். ஸ்டாம்ப் வைக்கலாமா என்று கேட்டேன். "ரெண்டா வைங்க பாய்" என்றார்.

பிப்ரவரி 4, செவ்வாய்

சிராஜும் தமீமும் பேசிக்கொள்வதில்லை. தான் பட்டதையெல்லாம் தமீம் வீணாக்கிவிட்டான் என்று இவனுக்குக் கோபம். தன்னை ஒரு வாரம் கோழையாக வைத்திருந்தான் என்று அவனுக்குக் கோபம். "உப்பு எடுக்கச் சொல்லுங்கத்தா" என்று எனக்கு இந்தப் பக்கமிருந்தும், "அது அங்கதான் இருக்குன்னு சொல்லுங்கத்தா" என்று அந்தப் பக்கமிருந்தும் வருகிறது. என்னைத் தபால் ஆபீஸ் ஆக்கிவிட்டார்கள்.

தமீமோடு தேறின பையன்கள் வீட்டுக்கெல்லாம் விசாரணைக்கு வந்துவிட்டார்களாம். எங்கள் வீட்டுக்கு வரவில்லை.

நன்றி: இரண்டு பேரும் ஒரே பாயில் உட்கார்ந்துதான் பேசாமல் இருக்கிறார்கள்.

பிப்ரவரி 11, செவ்வாய்

கலெக்டரைத் திருப்பிக் கொடுத்தார்கள். தமீம் ஓட்டப் பயிற்சிக்குப் போயிருந்தான். வேலை வராது என்று எல்லோரும் சொல்லியும் இன்னும் ஓடுகிறான். சிராஜ்தான் பெட்டியை வாங்கிவந்து, மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு மாடிக்குக் கொண்டுபோனான். நான் கீழே நின்று கேட்டேன். சோள டப்பா குலுங்கியது. தும்மல். நன்றி. டப்பா. தும்மல். நன்றி.

தமீம் வாசலில் ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தான். இரண்டாவது ஷூவையும் கழற்றினான். அப்புறம் மாடியைப் பார்த்து, "யர்ஹமுகல்லாஹ்" என்று சத்தமாகச் சொன்னான்.

மேலே டப்பா நின்றது. "சாம்பார் இருக்காடா, கலெக்டருக்கு?" என்று சிராஜின் குரல்.

நான் கடைக்கு வந்துவிட்டேன். கண்ணில் ரெக்சின் தூசி.

பிப்ரவரி 20, வியாழன்

பிரவுன் ஸ்கூட்டர் எங்கள் தெருவில் வந்து நின்றது. தமீமைப் பற்றி விசாரிக்க ஏட்டம்மாவையே அனுப்பியிருக்கிறார்கள். எத்திராஜிடம் கேட்டார், கீழ் வீட்டில் கேட்டார். பிறகு எங்கள் வீட்டில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து ஹபீபா கொடுத்த டீயைக் குடித்தார்.

"இந்த விசாரணைய மறைக்க முடியாது பாய். நடந்தத நடந்தபடி எழுதுவேன். மேல இன்னா முடிவு பண்ணுவாங்கன்னு என்னால சொல்ல முடியாது."

"நடந்தபடி எழுதினா போதும்மா" என்றேன். தமீம் சுவரோரம் விறைப்பாக நின்றிருந்தான். இப்போதே டூட்டியில் இருக்கிற மாதிரி.

"குடும்பம் எப்படின்னு ஃபாரத்துல ஒரு கட்டம் இருக்கு. அதுல இன்னா எழுதறது?" என்று எங்களையே கேட்டார்.

நான் யோசித்தேன். ஹபீபாவும் யோசித்தாள். பதில் மாடியில் இருந்துதான் வந்தது. வீடே அதிர்கிற மாதிரி ஒரு தும்மல், கூடவே அந்த நன்றி.

நாங்கள் மூன்று பேரும் பதில் சொல்ல வாயெடுப்பதற்கு முன்னால், பேனாவை எடுக்காமலே, மாடியை நிமிர்ந்து பார்த்து ஏட்டம்மா சொன்னார்: "நூறு."

பிறகு குனிந்து எழுத ஆரம்பித்தார்.